புல்தரையில் குழி: பறிச்சதா, கிண்டினதா, புரண்டதா?

எங்கள் வீடு கோவையின் மேற்கு ஓரத்தில், மருதமலை அடிவாரத்துக்குப் பக்கம். வாசலில் இரண்டரை சென்ட் கொரியன் புல். அதை நான்கு வருடத்தில் ஏழெட்டுத் தடவையாவது யாரோ தோண்டியிருக்கிறார்கள், முதல் மூன்று தடவையும் நான் தப்பான ஆளைத் தேடினேன். பெருச்சாளி என்று நினைத்துப் பொறி வைத்தேன், வந்தது பன்றி. அடுத்த வருடம் பன்றிதான் என்று முடிவு கட்டி வேலிக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தேன், பட்டப்பகலில் ஒரு கீரி வந்து என் கண் முன்னாலேயே தோண்டிவிட்டுப் போனது.

தோட்ட வேலைக்கு வரும் அண்ணன் ஒருவர்தான் கடைசியில் வழி சொன்னார். நான் எலிப்பொறியோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது எலி பறிச்ச மண்ணா? எலி பறிச்சா மண்ணு வெளிய குமிஞ்சு கெடக்கோணுமில்லீங்க? இது கிண்டின மண்ணுங்க" என்றார். அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. குடியிருக்க வளை தோண்டினால் அது பறிப்பது. தின்பதற்காகத் தோண்டினால் கிண்டுவது. உடம்பைத் தேய்க்கவோ குளிர்ச்சிக்குப் படுக்கவோ என்றால் புரள்வது. பறிக்கிற ஆளைப் பிடிக்கவோ கொல்லவோ வேண்டியிருக்கும், கிண்டுகிற ஆளுக்கு மண்ணுக்குள் இருக்கும் தீனியை எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, புரள்கிற ஆளுக்குப் புழுதி இல்லாமல் செய்தால் போதும். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருப்பதெல்லாம் இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்துத்தான்.

இன்னொன்று. இணையத்தில் தேடினால் மோல், ரக்கூன், ஸ்கங்க், ஆர்மடில்லோ என்று வரிசையாக வரும். நம்மூர்ப் புல்தரையில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. மோல் விரட்டுவதற்கென்று விற்கும் அதிரும் குச்சியை நானும் ஒரு ஜோடி வாங்கி நட்டேன். அதற்குப் பக்கத்திலேயே பெருச்சாளி வளை பறித்திருந்தது.

எதையும் வாங்குவதற்கு முன்

குழியைக் கண்டதும் மூடாதீர்கள். காலையில் வாசல் பெருக்குவதற்கு முன்பே போய்ப் பாருங்கள். தோண்டிய மண் எங்கே விழுந்திருக்கிறது: ஒரே பக்கம் குவிந்திருக்கிறதா, நாலா பக்கமும் சிதறியிருக்கிறதா, அல்லது மண்ணே வெளியே இல்லையா? குழிக்குள் விரல் போகுமா, கை போகுமா, தலையே போகுமா? (கையை உண்மையிலேயே விடாதீர்கள். எலி வளையில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் படுத்திருக்கும். குச்சி போதும்.) இரவிலா பகலிலா என்பதைக் கண்டுபிடிக்க, சாயந்திரம் ஒரு தடவையும் காலையில் ஒரு தடவையும் போனில் படம் எடுத்து வைத்தால் போதும்.

கால்தடம் தெரியவில்லை என்றால் கோலமாவு இருக்கவே இருக்கிறது. ராத்திரி படுக்கப் போகும்போது கேட்டுக்கு அடியிலும் குழியைச் சுற்றியும் இரண்டு கைப்பிடி மெல்லிசாகத் தூவிவிடுங்கள். பன்றி என்றால் பிளந்த குளம்பு, ஈரமண்ணில் அதற்குப் பின்னால் இரண்டு சின்னப் புள்ளிகளும் விழும். நாய் என்றால் நாலு விரலும் நகமும். பெருச்சாளி தடத்துக்கு நடுவில் வால் இழுத்த கோடு இருக்கும். அரிசிமாவு வேண்டாம், எறும்பு வந்து தடத்தை அழித்துவிடும். கல்லுமாவு போதும்.

அப்புறம் ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமாக, நாலு விரல் ஆழத்துக்குப் புல்லைக் கத்தியால் மூன்று பக்கம் வெட்டி, பாயைத் தூக்குவது மாதிரித் தூக்கிப் பாருங்கள். குழி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று, குழியே இல்லாத இடத்தில் ஒன்று. அடியில் என்ன இருக்கிறது என்று எண்ணுங்கள். பார்த்துவிட்டுத் திரும்ப மூடித் தண்ணீர் விட்டால் புல் பிடித்துக்கொள்ளும்.

அறிகுறி: ஒரே ராத்திரியில் உழுது போட்ட மாதிரி, புல் சுருண்டு கிடக்கிறது

இது பன்றிதான். வேறு எதுவும் ஒரே ராத்திரியில் அரை சென்டைப் புரட்டாது. மூக்கை மண்ணுக்குள் விட்டு முன்னால் தள்ளிக்கொண்டே போவதால் புல் பாய் மாதிரிச் சுருண்டுகொள்ளும், மண் இரண்டு பக்கமும் ஒதுங்கியிருக்கும். ஆழம் ஒரு சாண் வரைக்கும் போகும். பன்றி கிண்டிய புழுதியில் மலைக் குறவர்கள் உழாமலே தினை விதைத்தார்கள் என்று சங்கப் பாட்டில் வருவது மிகை என்று நினைத்திருந்தேன், அன்றைக்கு என் வாசலைப் பார்த்தபோது விதைத்துவிடலாம் போலத்தான் இருந்தது.

முதலில் அது ஊர்ப் பன்றியா காட்டுப் பன்றியா என்று பாருங்கள், ஏனென்றால் யாரிடம் புகார் சொல்வது என்பதே மாறுகிறது. ஊர்ப் பன்றி என்றால் மாநகராட்சியோ ஊராட்சியோ பொறுப்பு. காட்டுப் பன்றிக்கு முதுகில் பிடரி மயிர் சிலிர்த்திருக்கும், மூஞ்சி நீளம், கூட்டமாக ராத்திரிதான் வரும், அதற்கு வனத்துறை. 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இருக்கிறது, நாமாக ஒன்றும் செய்ய முடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதையும் வனத்துறையினர் மட்டுமே செய்யலாம். ஒரு வீட்டுப் புல்தரைக்காக இவ்வளவும் நடக்காது. ஆகவே அது ஏன் வருகிறது, எப்படி உள்ளே வருகிறது என்ற இரண்டைத்தான் நாம் பார்க்க முடியும்.

ஏன் வருகிறது என்றால், கோரைக்கிழங்கு. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. புல்தரையில் கோரை முளைத்திருந்தால் அடியில் சின்னச் சின்னக் கிழங்குகள் மணிமாலை மாதிரிக் கோர்த்துக் கிடக்கும், பன்றிக்கு அது பட்சணம். எங்கள் வாசலில் பன்றி கிண்டிய இடத்தையும் கோரை மண்டியிருந்த இடத்தையும் பழைய படத்தோடு வைத்துப் பார்த்தேன், ஏறக்குறைய ஒரே இடம். கோரையைக் கையால் பிடுங்கினால் தலை வரும், கிழங்கு உள்ளேயே நின்று மறுபடி முளைக்கும். கொஞ்சம்தான் என்றால் மழை பெய்த மறுநாள் கடப்பாரையால் நெம்பிக் கிழங்கோடு எடுங்கள். நிறைய என்றால் கோரையைக் குறிவைத்துத் தாக்கும் ஹாலோசல்பியூரான் மீதைல் என்ற களைக்கொல்லி இருக்கிறது, கொரியன் புல்லும் அருகும் அதைத் தாங்கும், அளவு பாக்கெட்டில் போட்டிருக்கிறபடி. கோரை மெதுவாகத்தான் மஞ்சளாகும், அவசரப்பட்டு இரண்டாவது தடவை அடிக்காதீர்கள்.

அடுத்தது மண்புழுவும் வேர்ப்புழுவும். தினமும் சாயந்திரம் தண்ணீர் விட்டால் ராத்திரி முழுக்க மேல்மண் ஈரமாக இருக்கும், புழு மேலே வரும், வாசனைக்குப் பன்றி வரும். தண்ணீரை விடியற்காலைக்கு மாற்றுங்கள், அதையும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விடாமல் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை நன்றாக நனையும்படி. இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவே கிடையாது. கூடவே தெருவையும் ஒரு தடவை பாருங்கள். எங்கள் பக்கம் பன்றி வருவது ஓடைப் பள்ளம் வழியாகத்தான், பள்ளத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, அதன் ஓரத்தில் அக்கம்பக்கத்து வீட்டு எச்சில் இலையும் காய்கறிக் கழிவும் கொட்டிக் கிடக்கிறது. தெருமுனையில் விருந்து வைத்துவிட்டு வீட்டுக்கு வராதே என்றால் கேட்குமா?

எப்படி வருகிறது என்றால், பெரும்பாலும் கேட்டுக்கு அடியில், இல்லையென்றால் கம்பிவலையின் அடி ஓரத்தைத் தூக்கிக்கொண்டு. எல்லோரும் வேலியின் உயரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். பன்றிக்கு நாலடி போதும், அடிதான் இறுக்கமாக இருக்க வேண்டும். கல்கம்பம் நட்டு வலை கட்டுகிறவர்களிடம் அடியில் ஒரு வரி முள்கம்பியும், பத்தடிக்கு ஒன்றாக இல்லாமல் நாலைந்து அடிக்கு ஒரு முளையும் அடிக்கச் சொல்லுங்கள். வசதி இருந்தால் அடியில் ஒரு அடி உயரத்துக்குக் கான்கிரீட் போட்டு வலையின் நுனியை அதிலேயே பதித்துவிடுவது நிரந்தரத் தீர்வு. கேட்டுக்குக் கீழே நாலு விரல் இடைவெளிக்கு மேல் இருக்கக் கூடாது, இருந்தால் ஒரு தகரப் பட்டையைக் கீல் போட்டுத் தொங்கவிடலாம்.

பழைய சேலை கட்டுவது, சலூனிலிருந்து முடி வாங்கித் தூவுவது, விளக்குப் போட்டு வைப்பது எல்லாம் செய்து பார்த்திருக்கிறேன். சேலை ஒரு வாரம் வேலை செய்தது. முடி ஒரு மழை வரைக்கும். விளக்கு வெளிச்சத்தில் அவை இன்னும் நிதானமாகக் கிண்டியதாகத்தான் தோன்றியது.

செய்யவே கூடாதவை மூன்று. வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக் கம்பியில் கொடுப்பது: அதில் வேலி போட்டவரின் வீட்டு ஆட்களோ பக்கத்துத் தோட்டத்துக்காரரோகூடச் சாகலாம், யானையும் சாகும், ஜெயில் நிச்சயம். சூரிய சக்தி வேலி என்றால் விட்டு விட்டு அதிர்ச்சி தரும் கருவியோடு, அதுவும் காட்டுக்கு அருகில் என்றால் 2023-இல் வந்த மின்வேலி விதிகளின்படி வனத்துறையைக் கேட்டுவிட்டு. இரண்டாவது அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் வெடிமருந்து வைப்பது. அதைக் கடித்து வாய் கிழிந்து பட்டினி கிடந்து செத்த யானைகள் இந்தப் பக்கம் உண்டு. மூன்றாவது போரேட் என்ற பூச்சிமருந்துக் குருணையைத் துணியில் முடிந்து தொங்கவிடுவது. பழைய ஆட்கள் இன்னமும் யோசனை சொல்வார்கள், ஆனால் 2020 கடைசியோடு அந்த மருந்துக்கே நாட்டில் தடை. குழந்தை ஓடியாடும் வாசலில் அந்த வாசமே வேண்டாம்.

அறிகுறி: ஒரு வளை, பக்கத்தில் மண் குவியல், நடக்கும்போது கால் பொதுக்கென்று இறங்குகிறது

இதுதான் பறிப்பது. இரண்டு பேரில் ஒருவர். வளையின் வாய் கை நுழையும் அளவு பெரிதாக, மதில் ஓரமாகவோ சாக்கடைத் தொட்டிக்குப் பக்கமாகவோ இருந்தால் பெருச்சாளி. வாய் அதைவிடச் சின்னதாக, பொலபொலவென்று புது மண் குவியலாகக் குவிந்து, வாயே மண்ணால் அடைபட்டிருந்தால் அது வயலில் வரும் வரப்பு எலி, தன் வளையைத் தானே உள்ளிருந்து மூடிக்கொள்ளும். பக்கத்தில் வயல் இருக்கும் வீடுகளில் அறுப்பு முடிந்த கையோடு இது வீட்டுக்குக் குடி வந்துவிடும்.

எல்லா வளையிலும் ஆள் இருக்காது. சாயந்திரம் எல்லா வாயையும் மண் தள்ளி மிதித்து மூடிவிடுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ, எங்கே புது மண் தள்ளியிருக்கிறதோ அங்கேதான் வேலை. பத்து வளை பார்த்தால் இரண்டோ மூன்றோதான் மறுபடி திறக்கும்.

பொறியில் ஏன் விழவில்லை என்று கேட்பவர்களுக்கு: எலிக்குப் புதுப் பொருள் என்றாலே சந்தேகம். கூண்டை வைத்து, மூன்று நாள் கதவைத் திறந்தே கட்டிவைத்து உள்ளே சுட்ட தேங்காயோ கருவாடோ போடுங்கள். தின்று பழகட்டும். நான்காம் நாள் கதவை அவிழ்த்துவிடுங்கள். சின்ன எலிப்பொறி பெருச்சாளிக்கு ஆகாது, வாலை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடும், பெரிய கூண்டு கேட்டு வாங்குங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் என்றால் கிட்டி என்ற மூங்கில் எலிப்பொறி வைப்பவர்களைக் கூப்பிட்டுவிடலாம், அவர்கள் ஒரே ராத்திரியில் முடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

விஷக்கட்டி விஷயத்தில் எனக்கு மனம் வருவதில்லை. விஷம் தின்ற எலி அரைமயக்கத்தில் வெளியே சுற்றும், அதை ஆந்தையோ பூனையோ பக்கத்து வீட்டு நாயோ தின்னும். வேறு வழியே இல்லை என்றால் ப்ரோமாடியோலோன் கட்டியை வளைக்குள்ளேயே தள்ளி வாயை மூடுங்கள், புல்மேல் போடாதீர்கள். செத்ததை வெறும் கையால் தொடாதீர்கள், வளை மண்ணைக் கிளறும்போதும் கையுறை வேண்டும், எலிக்காய்ச்சல் அதன் சிறுநீர் வழியாகத்தான் வருகிறது.

ஆனால் எதைப் பிடித்தாலும், உடைந்த சாக்கடைக் குழாயைச் சரி செய்யாவிட்டால் அடுத்த மாதம் அடுத்த குடும்பம் வந்துவிடும். எங்கள் வீட்டில் பெருச்சாளி வந்த வழி கழிவுநீர்த் தொட்டியின் மூடி ஓரத்தில் இருந்த ஒரு விரிசல். கொத்தனார் ஒரு மணி நேரத்தில் பூசிவிட்டுப் போனார், அதற்கு முன் நான் பொறிக்கும் தேங்காய்க்கும் செலவழித்தது அதைவிட அதிகம். நாய்க்கு வைக்கும் சோற்றை ராத்திரி வெளியே விட்டுவைப்பதும் இதே கணக்குதான். மதில் ஓரம் திரும்பத் திரும்பப் பறித்தால், அரை இஞ்ச் கண் உள்ள வெல்டட் மெஷ்ஷை ஒன்றரை அடி ஆழத்துக்கு இறக்கி, அடியில் ஒரு அடி வெளிப்பக்கமாக மடக்கிப் புதையுங்கள். மடக்குவதுதான் முக்கியம். நேராகப் பறித்து வந்து வலையில் முட்டும் எலிக்குப் பின்னால் போய்ச் சுற்றி வரத் தோன்றாது.

அறிகுறி: சின்னச் சின்னக் கூம்புக் குழிகள், அங்கங்கே, பகலில்

இரண்டு மூன்று விரல் அகலத்தில், புனல் மாதிரி, மண் ஒரு பக்கம் சிதறி, ஒரே நாளில் பத்துப் பதினைந்து. கீரி. பென்சில் செருகின மாதிரி மெல்லிய துளைகள் என்றால் கொண்டலாத்தி, நீண்ட வளைந்த அலகால் குத்திக் குத்திப் பார்த்த அடையாளம். மைனாவும் செம்போத்தும் புல்லைக் கொத்திப் பிய்த்துப் போட்டிருக்கும். இவர்கள் யாரையும் விரட்ட வேண்டாம், கீரியைப் பிடிப்பது சட்டப்படி குற்றமும்கூட. இவர்கள் வந்திருப்பது உங்கள் புல்லுக்கு அடியில் வேர்ப்புழு இருக்கிறது என்று சொல்லத்தான். குழி இல்லாமல் புல் திட்டுத் திட்டாகக் காய்ந்து, தண்ணீர் விட்டும் பச்சை திரும்பாமல், கையால் இழுத்தால் வேரே இல்லாமல் அப்படியே கையோடு வந்தாலும் இதே நோய்தான், கீரி இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவே.

தூக்கிப் பார்த்த அந்தச் சதுர அடியில் வெள்ளையாக, பழுப்புத் தலையோடு, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும் புழுக்களை எண்ணுங்கள். ஒன்றிரண்டு எல்லாப் புல்தரையிலும் இருக்கும், விட்டுவிடுங்கள். ஐந்துக்கு மேல் என்றால் நான் கவனிக்க ஆரம்பிப்பேன்.

இது எங்கிருந்து வருகிறது? கோடை மழை முதல் தடவை நன்றாகப் பெய்ததும், பொழுது சாயும் நேரத்தில் மண்ணுக்குள்ளிருந்து பழுப்பு வண்டுகள் கிளம்பி வேப்ப மரத்தை மொய்க்கும், விளக்கில் வந்து மோதும். இரவெல்லாம் இலையைத் தின்றுவிட்டு விடிவதற்குள் மண்ணுக்குத் திரும்பி முட்டையிடும். ஆனி, ஆடியில் புழு சின்னது, மேலாக இருக்கும், அப்போது மருந்து வைத்தால் கேட்கும். புரட்டாசியில் விரல் கனத்துக்கு வளர்ந்து வேரைத் தின்று தீர்த்துவிட்டிருக்கும், பன்றியும் கீரியும் வருவது அப்போதுதான். நாம் முழித்துக்கொள்வதும் அப்போதுதான், அதுதான் சிக்கல்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதை நாமே காசு கொடுத்து வரவழைக்கிறோம். மக்காத சாணத்தை வண்டியில் வாங்கிப் புல்லுக்கு மேலே பரப்புவது. குப்பைக்குழிச் சாணத்தில் காண்டாமிருக வண்டின் புழு கட்டைவிரல் மொத்தத்துக்கு இருக்கும். அது வேரைத் தின்னாது, மக்கினதைத்தான் தின்னும், ஆனால் பன்றிக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. நன்றாக மக்கி, கையில் எடுத்தால் உதிர்கிற, வாடையில்லாத தொழுவுரத்தைச் சலித்துப் போடுங்கள். நான் இப்போது மண்புழு உரத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மருந்து என்று பார்த்தால், வண்டு கிளம்பும் அந்த இரண்டு வாரம் ஒரு பல்புக்கு அடியில் சோப்புத் தண்ணீர் வைத்த தட்டு. காலையில் பார்த்தால் திருப்தியாக இருக்கும். அப்புறம் மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணப் பொடியைத் தொழுவுரத்தில் கலந்து, ஈரச்சாக்கால் மூடி ஒரு வாரம் வைத்து, சாயந்திர நேரத்தில் தூவித் தண்ணீர் விடலாம். இன்னொன்று பூச்சியைக் கொல்லும் நூற்புழு. ஹெட்டிரோராப்டிடிஸ் இண்டிகா என்று பெயர், 1992-இல் அதை முதன்முதலில் விவரித்தது கோயம்புத்தூர் மண்ணிலிருந்து எடுத்துத்தான், எங்கள் ஊர்க்காரர் என்று கொஞ்சம் பெருமையும் உண்டு. அது புழுவின் உடம்புக்குள் நுழைந்து, தன்னோடு கொண்டுபோகும் பாக்டீரியாவால் இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். ஆனால் வெயிலில் செத்துவிடும், காய்ந்த மண்ணிலும் செத்துவிடும், பாக்கெட்டில் நாள் கடந்திருந்தால் நீங்கள் வாங்கியது வெறும் மாவுதான். தேதியைப் பார்த்து வாங்கி, பொழுது இறங்கினதும் ஈரமண்ணில் ஊற்றி, ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேப்பம் புண்ணாக்கு சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடி தூவுவது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதும் என்று நம்பி ஒரு வருடம் வீணாக்கினேன்.

கடையில் கேட்டால் ரசாயனக் குருணை கொடுத்து அனுப்புவார்கள், புழு சாகும், சந்தேகமில்லை. செத்த புழுவைத் தின்னக் கொண்டலாத்தி வரும், அதே புல்லில் பேரக்குழந்தை வெறுங்காலோடு உட்காரும். நான் வாங்கவில்லை.

அறிகுறி: குழியில்லை, ஆனால் மண் விரல் கனத்துக்கு வரி வரியாகத் தூக்கியிருக்கிறது

பிள்ளைப்பூச்சி. மழைக்காலத்தில் ஈரமான புல்லுக்கு அடியில் சுரங்கம் போட்டுக்கொண்டே போகும், காலையில் பார்த்தால் நரம்பு புடைத்த மாதிரி இருக்கும். சந்தேகம் இருந்தால் நாலு லிட்டர் தண்ணீரில் இரண்டு கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைக் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றிவிட்டு மூன்று நிமிடம் நில்லுங்கள், மூச்சு முட்டி மேலே வந்துவிடும். நூற்புழு இதற்கும் ஓரளவு கேட்கும். தண்ணீர் தேங்குவதைச் சரி செய்து, தூக்கிய இடத்தை மிதித்துவிட்டாலே பாதி அடங்கும். பெயரைக் கேட்டு வீட்டில் யாராவது பயந்தால், அது கடிக்காது என்று சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: கிழங்குச் செடி இருந்த இடத்தில் ஆழமான குழி, பக்கத்தில் மரப்பட்டை கொறிபட்டிருக்கிறது

முள்ளம்பன்றி. அதிர்ஷ்டம் இருந்தால் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள் கிடக்கும். இதற்குப் புல் பொருட்டே இல்லை, புல்தரை ஓரத்தில் நாம் நட்டுவைத்த லில்லிக் கிழங்கு, சேம்பு, மரவள்ளி, தென்னங்கன்றின் குருத்து, இதற்காக வரும். அதையெல்லாம் வீட்டுச் சுவரை ஒட்டித் தொட்டிக்கு மாற்றிவிட்டேன், முள்ளம்பன்றி புல்லை மிதித்துக்கொண்டு போவதோடு சரி. தென்னங்கன்றைச் சுற்றி மட்டும் இரண்டடி உயரத்துக்கு வலைக்கூண்டு போட்டு, அடியை ஒரு அடி புதைத்து வையுங்கள். முள்ளை எய்யும் என்பது பொய். ஆனால் முட்டுச் சந்தில் மாட்டினால் பின்பக்கமாகப் பாய்ந்து வரும், நாயை அவிழ்த்து விடாதீர்கள்.

அறிகுறி: வட்டமான, ஆழமில்லாத பள்ளம், உள்ளே நைசான புழுதி

புரண்டது. இறகு கிடந்தால் மயில். மயில் மண்குளியல் போட்டால் புல் இருந்த இடம் ஒரு முறம் அளவுக்கு மொட்டையாகிவிடும், மறுநாளும் அதே இடத்துக்கு வரும். புல் மெலிந்து மண் தெரியும் காய்ந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கும், ஆகவே அந்த இடத்தைத் தினமும் நனைத்து, மேலே ஒரு மாதத்துக்குத் தட்டையாக வலை விரித்து நாலு மூலையிலும் முளையடித்து வையுங்கள். கொல்லைப்புறத்தில் அதற்கென்று கொஞ்சம் சலித்த மண்ணும் சாம்பலும் கொட்டி வைத்தேன், இப்போது அங்கேதான் குளிக்கிறது. தேசியப் பறவைக்கு ஒரு குளியலறை.

மரநிழலில், ஈரமான இடத்தில், ஒரு உடம்பு படுக்கிற அளவுக்குப் பள்ளம் என்றால் நாய். சித்திரை வைகாசியில் குளிர்ச்சிக்குத் தோண்டிப் படுக்கும். உங்கள் நாயாகவே இருக்கலாம், என் அனுபவத்தில் வளர்ப்பவர்கள் கடைசியில்தான் ஒப்புக்கொள்வார்கள்.

விட்டுவிட வேண்டியவை

தாழ்வாரத்துக்கு அடியில், மழை படாத புழுதியில் குட்டிக் குட்டிப் புனல்களா? குழியானை. சின்ன வயதில் ஊதி ஊதிப் பிடித்ததேதான், அது எறும்புக்காகக் காத்திருக்கிறது. புல்மேல் சுருள் சுருளாகச் சின்ன மண் குவியலா? மண்புழு. காய்ந்ததும் துடைப்பத்தால் பரப்பிவிட்டால் உரம்.

எல்லாம் செய்தும் மறுபடி தோண்டினால்

பெரும்பாலும் இரண்டு ஆட்கள் இருப்பார்கள். வேர்ப்புழுவுக்கு மருந்து வைத்தீர்கள், புழு போய்விட்டது, ஆனால் கோரைக்கிழங்கு இருக்கிறது. அல்லது வேலி போட்டீர்கள், பன்றி நின்றுவிட்டது, உள்ளேயே குடியிருக்கும் பெருச்சாளி அப்படியே இருக்கிறது. சதுர அடியை மறுபடி வெட்டிப் பாருங்கள், கோலமாவை மறுபடி தூவுங்கள். பன்றிக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு: தீனி கிடைத்த இடத்தை அது மறக்காது, அடியில் ஒன்றும் இல்லாவிட்டாலும் சில ராத்திரிகள் வந்து முகர்ந்து கிண்டிப் பார்க்கும். அந்த நாட்களில் கேட்டும் வேலியும் இறுக்கமாக இருக்க வேண்டும்.

புல்லைச் சரி செய்வதை அன்றைக்குக் காலையிலேயே செய்துவிடுங்கள், பத்து மணி வெயில் வேரில் பட்டால் காய்ந்துவிடும். சுருண்ட பாயை விரித்து, அடியில் கிடக்கும் கிழங்கையும் புழுவையும் பொறுக்கிவிட்டு, செம்மண்ணும் மணலும் சம பாகமாகக் கலந்து பள்ளத்தை நிரப்பி, புல்லை மேலே வைத்துப் பலகை போட்டு ஏறி மிதித்து, தண்ணீர் விடுங்கள். ரோலர் இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய கேனை உருட்டினாலும் போதும். கிழிந்து போன துண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள், கணு கணுவாகப் பிரித்து நாலு விரல் இடைவெளியில் ஊன்றினால் கொரியன் புல் மெதுவாகப் படர்ந்து மூடிவிடும். அதுவரைக்கும் அந்த இடத்தில் சாயந்திரத் தண்ணீர் மட்டும் வேண்டாம்.